கோலிக்குண்டின் வயதை அறிதல்: கிருஷ்ணகிரி வட்டாரத்துக் கண்ணாடிக் கோலிகளும் அவை வந்த வழியும்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் நாகரசம்பட்டி, போச்சம்பள்ளி, காவேரிப்பட்டினம் ஆகிய ஊர்களைச் சுற்றிய பகுதியில் பழைய வீட்டுப் பரண்களிலிருந்தும் காயலான் கடைகளிலிருந்தும் ஒருவர் திரட்டக்கூடிய கோலிக்குண்டுகள் பெரும்பாலும் நான்கு வகைக்குள் அடங்கிவிடும்: சுட்ட மண் உருண்டை, சோடாப் புட்டியை உடைத்து எடுத்த வெளிர்பச்சைக் குண்டு, உள்ளே நிறக்கீற்றுப் பதிந்த விளையாட்டுக் கோலி, மிக அரிதாகக் கடல் கடந்து வந்த கைவேலைக் குண்டு. இவை அனைத்தையும் ஒரே டப்பாவில் போட்டுப் 'பழைய கோலி' என்று விலை சொல்வது விற்பவருக்கு எளிது. ஆனால் இவை வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு கருவியால், வெவ்வேறு தேவைக்காகச் செய்யப்பட்டவை. ஆகவே ஒரு கோலியின் வயதைத் தீர்மானிக்க வேண்டியது விற்பவரின் சொல் அன்று, அக்கோலியின் மேல் பதிந்துள்ள தழும்பும் கோடும் உள்ளே சிக்கிய குமிழியுமே ஆகும்.

தமிழ் நிலத்துக்குக் கண்ணாடித் தொழில் புதிதன்று. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வும் அதன்பின் நடந்த ஆய்வுகளும், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்குக் கண்ணாடி மணிகள் செய்யப்பட்டதை நிறுவின. உருகிய கண்ணாடித் திரளை நீண்ட மெல்லிய குழலாக இழுத்து, ஆறிய பின் சிறு துண்டுகளாக நறுக்கி, மீண்டும் சூடேற்றி முனைகளை மழுக்கும் இம்முறை, திருக்காளத்தி அருகேயுள்ள பாப்பாநாயுடுபேட்டையில் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் கைவிடப்படாமல் இருந்ததை மணி ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ் பதிவு செய்துள்ளார். எனினும் இக்கைத்திறன் கோத்து அணியும் மணியாகவே வளர்ந்தது. சிறுவர் உருட்டி விளையாடுவதற்குச் சுட்ட களிமண்ணும் ஆற்றில் தேய்ந்த கூழாங்கல்லும் போதுமானவையாக இருந்தன. மண் கோலியை இனங்காண்பதில் சிக்கல் இல்லை. உள்ளங்கையில் உருட்டிய விரல்களின் அழுத்தம் ஓரிரு பக்கம் தட்டையாகத் தெரியும். முழு வட்டம் அமைவது அரிது. அதே பருமனுள்ள கண்ணாடிக் குண்டைவிட எடையும் குறைவாக இருக்கும். அதன் வயதைச் சொல்வதுதான் கடினம், ஏனெனில் களிமண்ணை உருட்டிச் சுடும் முறை நூற்றாண்டுகள் கடந்தும் மாறவில்லை. கிடைத்த மண்ணடுக்கு தெரியாத மண் கோலிக்கு ஆண்டுக் கணக்குச் சொல்வோரை நம்ப வேண்டியதில்லை.

விளையாட்டுக்கென்றே கண்ணாடிக் கோலி பெருமளவில் உருவான இடம் ஜெர்மனியின் துரிங்கிய மலைப்பகுதியிலுள்ள லவுஷா என்னும் சிற்றூராகும். 1597ஆம் ஆண்டு முதல் கண்ணாடி உலை எரிந்துவந்த அவ்வூரில், 1840களின் பிற்பகுதியில் எலியாஸ் கிரைனர் என்ற கண்ணாடித் தொழிலாளர் ஒரு புதிய கத்தரியை உருவாக்கினார். அதன் ஒரு முனையில் சிறு கிண்ணம் போன்ற குழியும், மற்றொரு பக்கம் வெட்டும் அலகும் இருந்தன. நிறக் கண்ணாடிக் கோல்களை ஒரு நடுத்தண்டைச் சுற்றி அடுக்கி, அதன்மேல் தெளிந்த கண்ணாடியைப் போர்த்து, சூட்டோடு முறுக்கி இழுத்தால் உள்ளே பின்னல் போல நிறக்கோடுகள் ஓடும் நீண்ட தண்டு கிடைக்கும். இளகிய நிலையில் அத்தண்டின் நுனியைக் கத்தரிக் குழியில் வைத்துத் திருப்பி, உருண்டையாக்கி, வெட்டி எடுப்பார்கள். அரிக்கமேட்டு மணியும் லவுஷாக் கோலியும் காலத்தாலும் நிலத்தாலும் தொடர்பற்றவை என்றாலும், இழுத்த கண்ணாடியின் நீளத்திலிருந்து ஒவ்வொன்றாக நறுக்கி எடுப்பது என்ற அடிப்படை இரண்டுக்கும் பொதுவானது.

இம்முறையே கைவேலைக் கோலியை அடையாளம் காண வழி வகுக்கிறது. தண்டிலிருந்து வெட்டப்பட்ட இடம் கோலியின் மேல் முனையிலும், அதற்கு முந்தைய கோலி வெட்டப்பட்ட இடம் கீழ் முனையிலும் தழும்பாக நின்றுவிடும். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் கைவில்லையின் அடியில் வைத்துப் பார்த்தால், ஒரு துருவத்தில் கண்ணாடி சுருங்கி முறுக்கிய சிறு சொரசொரப்பும், நேரெதிர்த் துருவத்தில் அதே போன்ற மற்றொன்றும் தென்படும். உள்ளே ஓடும் நிறக்கோடுகள் யாவும் ஒரு தழும்பில் தொடங்கி மற்றதில் முடியும். சில கோலிகளில் இத்தழும்பை அரைத்து வழவழப்பாக்கியிருப்பர். அங்கும் பல சிறு முகங்களாக அரைத்த தடம் ஒளியில் மின்னும். இவ்விரு தழும்புகளும், அவற்றை இணைக்கும் கோட்டின் ஒழுங்கும் இல்லாத குண்டை இவ்வாறு தண்டிலிருந்து வெட்டிய கைவேலை என்று எளிதில் ஏற்க இடமில்லை. இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. கருமையான அடிக்கண்ணாடியின்மேல் நிறப்பட்டைகள் ஓடும் ஒரு ஜெர்மானிய வகையை மேலைநாட்டுச் சேகரிப்போர் 'இந்தியன்' என்ற பெயரால் அழைக்கின்றனர். அப்பெயரைக் கேட்டு அது இந்தியாவில் செய்யப்பட்டது என்று கருதி வாங்குவோர் ஏமாந்துபோவர்.

லவுஷாவின் ஆதிக்கத்தை முறித்தது அமெரிக்க இயந்திரம். ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகரைச் சேர்ந்த மார்ட்டின் கிறிஸ்டென்சன், எஃகுக் குண்டுகளை உருட்டும் முறைக்கு முன்பே காப்புரிமை பெற்றவர். ஓசூர்த் தொழிற்பேட்டையில் வேலை செய்வோர் அன்றாடம் கையாளும் பால்ரஸ் குண்டின் உற்பத்தி அறிவுதான் அவர் கையில் கண்ணாடிக்கு மாறியது. வரிப்பள்ளம் வெட்டிய சுழலும் உருளைகளின் மேல் உருகிய கண்ணாடித் துளியை விட்டால் அது எல்லாப் பக்கமும் சமமாகச் சுழன்று, ஆறும்போதே முழு உருண்டையாகிவிடும். இந்த இயந்திரத்துக்கு அவர் 1905ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். அவருடைய தொடக்ககாலக் கோலிகளில் கண்ணாடியை ஆள் ஒருவரே கோலில் எடுத்துச் சொட்டவிட்டதால், ஒரு துருவத்தில் ஒன்பது என்ற எண்ணைப் போன்ற சுழியும் எதிர்ப்பக்கத்தில் வெட்டிய வால் போன்ற கீற்றும் காணப்படும். தழும்பு மட்டும் இராது. பின்னர் ஆக்ரோ அகேட் என்ற நிறுவனம் 1914இல் மேற்கு வர்ஜீனியாவின் கிளார்க்ஸ்பர்க் நகருக்குச் சென்று, திருகாணி போல நிறம் சுற்றி ஏறும் கோலிகளை ஆயிரக்கணக்கில் வார்த்தது. முதல் உலகப் போரில் ஜெர்மன் சரக்கு நின்றுபோனது அமெரிக்க ஆலைகளுக்கு வாய்ப்பானது. அதே ஆலைகளை 1950களின் தொடக்கத்தில் ஜப்பானிலிருந்து வந்த 'பூனைக்கண்' கோலி திணறடித்தது. ஆக்ரோ அகேட் 1951இல் மூடப்பட்டது. தெளிந்த கண்ணாடிக்குள் மூன்று அல்லது நான்கு நிற இதழ்களைச் செருகிய அந்த வடிவம் மலிவானது, கண்ணைக் கவர்வது. இந்தியப் பெட்டிக்கடைகளில் இன்றும் விற்கும் கோலியின் தோற்றம் பெரும்பாலும் அதுவே. ஆகவே பூனைக்கண் கோலி எதையும் சுதந்திரத்துக்கு முற்பட்டது என்று சொல்ல முடியாது.

இவ்வளவும் கோலிச் சேகரிப்பின் பொதுவான வரலாறு. ஆனால் கிருஷ்ணகிரி வட்டாரத்தைப் பொறுத்தவரை ஆய்வுக்கு அதிகம் பயன்படுவது அலங்காரமற்ற சோடாக் கோலியே. வண்ணமும் பின்னலும் இல்லாததாலேயே சேகரிப்போர் அதை ஒதுக்குகின்றனர் என்பது வருந்தத்தக்கது. ஏனெனில் மற்றக் கோலிகள் எங்கிருந்து வந்தன என்பதை ஊகிக்கத்தான் வேண்டும், சோடாக் கோலியோ தன் ஊரின் பெயரைப் பொறித்த புட்டிக்குள்ளேயே அடைபட்டு வந்த ஒன்று.

நீரில் கரியமில வாயுவைக் கரைக்கும் வழியை 1767இல் ஜோசப் பிரீஸ்ட்லி கண்டார். 1783இல் ஜெனீவாவில் யாக்கோப் ஷ்வெப் அதை வணிகமாக்கினார். சோடா என்னும் இந்தப் பானத்தின் தீராத தொல்லை, வாயு வெளியேறாமல் புட்டியை அடைப்பதுதான். தக்கை காய்ந்தால் சுருங்கும், சுருங்கினால் வாயு கசியும்; அதனாலேயே தக்கை எப்போதும் நனைந்திருக்கும்படி, நிமிர்த்தி வைக்கவே முடியாத முட்டை வடிவப் புட்டிகளைச் செய்து படுக்கவைத்தார்கள். வெயில் மிகுந்த நாட்டில் அதுவும் போதவில்லை. லண்டனைச் சேர்ந்த பொறியாளர் ஹைரம் காட் என்பவர் 1872ஆம் ஆண்டு காப்புரிமை பெற்ற புட்டி இச்சிக்கலை வாயுவைக் கொண்டே தீர்த்தது. கழுத்துக்குள் ஒரு கண்ணாடிக் குண்டும், வாய்க்குச் சற்றுக் கீழே ஒரு ரப்பர் வளையமும் அதில் அமைந்தன. புட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, அழுத்தத்தோடு வாயு நீரை ஏற்றினால் குண்டு தன் எடையால் வாய்ப்பக்கம் விழுந்து ரப்பரில் அமரும். நிமிர்த்திய பிறகும் உள்ளிருக்கும் வாயு அதை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். வாயு எவ்வளவு வலிமையாகத் தள்ளுகிறதோ அவ்வளவு இறுக்கமாக மூடி நிற்கும். மரக்குச்சி பொருத்திய திறப்பானால் அழுத்தினால் குண்டு கீழே விழுந்து, கழுத்தின் இடுக்கில் தங்கும். ஊற்றும்போது அது மீண்டும் உருண்டு வாயை அடைத்துவிடாமல் தடுக்கக் கழுத்தின் ஒரு பக்கத்தில் இரண்டு குழிகளை உள்நோக்கி அழுத்தியிருப்பர். அக்குழிப் பக்கத்தைக் கீழாகப் பிடித்துக் குடிப்பது சோடா குடிப்போர் சொல்லிக்கொடுக்காமலே கற்றுக்கொள்ளும் பழக்கம்.

இப்புட்டி ஆங்கிலேயப் படையினரின் பாசறைகள் வழியே இந்தியாவெங்கும் பரவியது. 1809இல் நிறுவப்பட்ட பெங்களூர்க் கண்டோன்மென்ட் கிருஷ்ணகிரி எல்லையிலிருந்து தொலைவில் இல்லை. சென்னை பெங்களூர் நெடுஞ்சாலையோ இவ்வட்டாரத்தின் ஊடாகவே செல்கிறது. 1792ஆம் ஆண்டு திப்பு சுல்தானிடமிருந்து பிரிக்கப்பட்ட பாரமகால் நிலமாகவும், பின் சேலம் மாவட்டமாகவும், 1965இல் தருமபுரி மாவட்டமாகவும், 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டமாகவும் பெயர் மாறிய இந்நிலப்பகுதி எப்போதும் இரு பெரு நகரங்களுக்கு இடைப்பட்ட வழிப்பகுதியாகவே இருந்துள்ளது. படையினரின் பானமாக வந்த சோடா, இருபதாம் நூற்றாண்டின் முதற்பகுதியில் தமிழர் தொழிலாக மாறியது. விருதுநகரில் 1916ஆம் ஆண்டு பழனியப்ப நாடார் தொடங்கிய காளிமார்க் அவ்வகையில் நிலைத்த பெயர். ஆனால் பெருநிறுவனங்களைவிடச் சிறு சோடாக் கம்பெனிகளே ஊர்களை நிறைத்தன, அதற்குக் காரணமும் புட்டிதான். கனத்த கண்ணாடிப் புட்டி விலை உயர்ந்தது. குடித்து முடித்ததும் அது திரும்பி வர வேண்டும். அதை நெடுந்தொலைவு அனுப்பித் திரும்பப் பெறுவது கட்டுப்படியாகாது. ஆகவே சந்தை கூடும் ஒவ்வோர் ஊருக்கும் அண்மையில் ஒரு சோடாக் கம்பெனி தேவைப்பட்டது. கையால் சுழற்றும் ஒரு நிரப்பு இயந்திரம், கேஸ் சிலிண்டர், எலுமிச்சை அல்லது பன்னீர் எசென்ஸ், கழுவிய புட்டிகள் அடுக்கிய மரப்பெட்டி ஆகியவை இருந்தால் தொழில் நடக்கும். தன் புட்டி மற்றவரிடம் போய்விடாமல் இருக்க, வசதியுள்ள கம்பெனிகள் புட்டியின் மேல் தம் பெயரையும் ஊரையும் புடைப்பெழுத்தாக வார்த்து வாங்கின. இப்புடைப்பெழுத்துதான் இன்று சேகரிப்போர் கையில் கிடைக்கும் மிக நேரடியான ஊர்ச் சான்று.

புட்டியின் வயதையும் அதன் உடலே சொல்லும். பழைய புட்டிகளில் குண்டை உள்ளே போட்ட பிறகே வாயைக் கையால் மூடி வளைத்தார்கள். எனவே இரு அச்சுகளும் பொருந்திய கோடு உடலின் பக்கவாட்டில் ஏறிவந்து, வாய் விளிம்புக்குக் கீழே நின்றுவிடும். கழுத்தின் உட்புறம் ரப்பருக்கென வெட்டிய பள்ளம், குண்டு இடித்து இடித்துத் தேய்ந்த வெண்ணிற வளையம், அடிப்பாகத்தில் புட்டி செய்த ஆலையின் எழுத்து ஆகியவற்றைச் சேர்த்தே பார்க்க வேண்டும். உள்ளிருக்கும் கோலியின் வெளிர்பச்சை நிறம் பழமைக்குச் சான்று ஆகாது என்பதை வலியுறுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. மணலில் கலந்த இரும்பே கண்ணாடிக்குப் பச்சை தருகிறது. தூய்மை குறைந்த மணலைப் பயன்படுத்திய நேற்றைய ஆலையும் அதே பச்சையைத் தரும். அந்தப் பச்சையை நீக்கப் பழங்காலக் கண்ணாடித் தொழிலாளர் சிறிது மாங்கனீசைக் கலந்தனர். அப்படிக் கலந்த கண்ணாடி நெடுங்காலம் வெயிலில் கிடந்தால் மெல்லிய ஊதா நிறம் பெறும். வயல்வரப்பிலோ பழைய சந்தைத் திடலின் ஓரத்திலோ அவ்வாறு ஊதா படிந்த சோடாப் புட்டிக் கழுத்து அகப்பட்டால், அதைக் குப்பையென்று தள்ளாமல் எடுத்து வைப்பது தக்கது.

இந்தியாவில் இப்புட்டி செய்யும் தொழில் உத்தரப் பிரதேசத்தின் ஹாத்ரஸ் மாவட்டத்துச் சாஸ்னியில் நிலைகொண்டது. அருகிலுள்ள பிரோசாபாத் வளையல் உலைகளுக்குப் பெயர்பெற்ற நகரம். ஜப்பானில் 1884இல் கோபே நகரில் அலெக்சாந்தர் சிம் அறிமுகப்படுத்திய 'ராமுனே' பானம் இன்றும் இதே வகைப் புட்டியில் விற்கப்படுகிறது. இங்கிலாந்திலோ இவ்வகைப் புட்டி வழக்கொழிந்தே போயிற்று.

கோலி புட்டியிலிருந்து சிறுவர் கைக்கு வந்தபோது அதன் வரலாறு வேறொரு பக்கம் திரும்பியது. உடைந்த சோடாப் புட்டியிலிருந்து எடுத்த குண்டு, கடையில் வாங்கிய கோலியைவிடக் கனமாகவும் உறுதியாகவும் இருந்ததால், எதிரியின் குண்டை அடித்துத் தள்ளுவதற்கு ஏற்றதாகக் கருதப்பட்டது. தேவநேயப் பாவாணர் 1954ஆம் ஆண்டு வெளியிட்ட 'தமிழ்நாட்டு விளையாட்டுகள்' என்ற நூலில் கோலியாட்டங்களையும் விரிவாகப் பதிவு செய்தார். மண்ணில் குழி தோண்டி அதில் குண்டை விழச் செய்வது, நடுவிரலை வில்லாக வளைத்துத் தெறித்து எதிராளியின் குண்டை அடிப்பது, தோற்றவர் முழங்கை அல்லது விரல்முட்டியால் குண்டைத் தள்ளுவது என இவ்வாட்டங்களின் விதிகள் வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபடும். வரலாற்று நோக்கில் முக்கியமானது, இவ்வாட்டங்கள் குண்டின் மேல் விட்டுச்சென்ற தடமாகும். ஒன்றையொன்று மோதிய கண்ணாடியில் மேற்பரப்புக்குச் சற்று உள்ளே பிறை வடிவ விரிசல்கள் தோன்றும். மண்ணில் உருண்டதால் ஒளி மங்கும். கல்லில் பட்ட இடம் சிறு சில்லாகப் பெயரும். இவற்றைக் குறையென்று எண்ணி, அண்மைக் காலத்தில் சிலர் கோலிகளை இயந்திரத்தில் அரைத்து மெருகேற்றி விற்கின்றனர். அது ஓர் அழிவுச் செயல். மெருகேற்றியதும் கைவேலைக் கோலியின் தழும்பு மறைகிறது, குண்டின் விட்டம் குறைகிறது, விளையாடிய கைகளின் அடையாளமும் போய்விடுகிறது. எஞ்சுவது வயது சொல்ல முடியாத ஒரு பளபளப்பு மட்டுமே. தழும்பற்ற, சற்றுத் தட்டையான, அளவுக்கு மீறிப் பளிச்சிடும் குண்டைக் கண்டால் வாங்குவோர் விலக வேண்டும்.

அளவும் எடையும் எளிய சோதனைகள். பொதுவான விளையாட்டுக் கோலியின் விட்டம் 16 மில்லிமீட்டர் அளவில் இருக்கும்; சாதாரணச் சோடா சுண்ணாம்புக் கண்ணாடியில் அந்த அளவுள்ள குண்டு ஏறத்தாழ 5.4 கிராம் நிறுக்கும். அதே அளவுள்ள பிளாஸ்டிக் குண்டு அதில் பாதி எடைகூட இராது. வெர்னியர் காலிப்பரால் மூன்று திசைகளில் அளந்து பார்த்தால் இயந்திரக் குண்டில் மூன்றும் ஏறத்தாழ ஒத்திருக்கும், கைவேலைக் குண்டில் தழும்பிலிருந்து தழும்புக்கான அளவு மற்ற இரண்டினின்றும் சிறிது மாறும். புறஊதா விளக்கின் கீழ் பசுமஞ்சளாக ஒளிர்ந்தால் அக்கண்ணாடியில் யுரேனியம் கலந்துள்ளது என்று பொருள். பழைய ஐரோப்பிய, அமெரிக்கக் கோலிகள் சிலவற்றில் அது உண்டு. ஆயினும் ஒளிர்வதாலேயே ஒன்று பழையது ஆகிவிடாது; யுரேனியக் கண்ணாடி இன்றும் செய்யப்படுகிறது. எந்த ஒரு சோதனையும் தனித்து நிற்காது. தழும்பு, நிறக்கோட்டின் போக்கு, தேய்மானம், கிடைத்த இடம் ஆகிய நான்கும் ஒரே திசையைக் காட்டும்போது மட்டுமே காலத்தைத் துணிந்து சொல்ல வேண்டும்.

இவற்றுள் கிடைத்த இடம் என்பதே நம் நாட்டுச் சேகரிப்பில் எளிதாகத் தொலைந்துபோவது. காயலான் கடையிலிருந்து நகரத்து வணிகருக்கும், அவரிடமிருந்து மற்றொருவருக்கும் கைமாறும்போது கோலி மட்டுமே போகிறது. எந்த ஊரின் எந்தச் சோடாக் கம்பெனியின் முற்றத்திலிருந்து அது வந்தது என்ற செய்தி முதல் கைமாற்றத்திலேயே அறுந்துவிடுகிறது. புட்டியிலிருந்து பிரித்த கோலிக்கும் இதே கதிதான். புடைப்பெழுத்துள்ள புட்டியோடு இருக்கும்போது அது ஒரு தொழிலின் ஆவணம். புட்டியை உடைத்து எடுத்துவிட்டால் எந்த ஆலையிலும் கிடைக்கும் பச்சைக் குண்டு.

கோலி சோடா இப்போது மீண்டும் நினைவுக்கு வந்துள்ளது. விஜய் மில்டன் இயக்கி 2014இல் வெளிவந்த 'கோலி சோடா' திரைப்படம் அப்பெயரை இளைஞரிடம் கொண்டுசென்றது. 2017இல் ஜல்லிக்கட்டுப் போராட்டத்தையொட்டி வெளிநாட்டுக் குளிர்பானங்களை விற்பதில்லை எனத் தமிழக வணிகர் அமைப்புகள் முடிவெடுத்தபோது உள்ளூர்ப் பானங்களுக்குத் தேவை உயர்ந்தது. 2025இல் இந்திய வணிக அமைச்சகமே கோலி சோடா அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் ஏற்றுமதியாவதை அறிவித்தது. புதிய கம்பெனிகள் புதிய புட்டிகளை வாங்கி அழகான சீட்டு ஒட்டி விற்கின்றன. பழைய புட்டிகளோ எடைக்குப் போட்டு உருக்கப்படுகின்றன.

ஆகவே நாகரசம்பட்டி, காவேரிப்பட்டினம், பர்கூர், ஊத்தங்கரை, ஓசூர் எனக் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் எந்த ஊரில் இருந்தாலும், பழைய சோடாக் கம்பெனி நடத்திய குடும்பத்தினரும் கோலி சேர்ப்போரும் செய்யத்தக்க சில எளிய செயல்கள் உண்டு. கோலிக்காகப் புட்டியை உடைக்க வேண்டாம். மெருகேற்ற வேண்டாம், தண்ணீரும் மென்துணியும் போதும். எடுத்த ஊர், தெரு, வீடோ கடையோ வயலோ என்ற விவரம், எடுத்த ஆண்டு ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதி அதனுடனேயே வைக்க வேண்டும். பெயர் பொறித்த புட்டி ஒன்றுக்கு மேல் இருந்தால், ஒன்றையாவது கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க முன்வர வேண்டும்.